சி.என்.சி. ஆப்பரேட்டர் முதலில் எந்தப் புரோகிராமிங் மொழியைப் படிப்பது?

29 ஜூன் 2025, ஞாயிறு – கேள்வி

வணக்கம். வயது 24, கிருஷ்ணகிரி பக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல். பெங்களூரு பக்கம் பொம்மசந்திராவில் சி.என்.சி. டர்னிங் சென்டர் (கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தைக் கடையும் மெஷின்) ஆப்பரேட்டர், பக்கத்திலேயே ஹெப்பகோடியில் ரூம். புரோகிராமிங் சுத்தமாகத் தெரியாது, கற்றுக்கொள்ள வேண்டும். பயிற்சி மையத்தில் ஜாவா ஃபுல் ஸ்டாக் சேரச் சொல்கிறார்கள். யூடியூபில் எல்லாரும் பைத்தான் என்கிறார்கள். எங்கள் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் 'சி தெரியாதவன் புரோகிராமரே இல்லை' என்கிறார். லேப்டாப் இல்லை, போன் இருக்கிறது. ஆங்கிலம் சுமார். முதலில் எதைப் படிப்பது?

29 ஜூன், இரவு – பதில்

சூப்பர்வைசர் சொன்னதை நான் பி.சி.ஏ. சேர்ந்த நாளிலிருந்து கேட்டு வருகிறேன் தம்பி. சொல்கிற எல்லாரும் சி-யை முதலில் படித்தவர்கள். வேறொன்றை முதலில் படித்துவிட்டு, பிறகு சி-க்கு வந்து, 'ஐயோ இதையல்லவா முதலில் படித்திருக்க வேண்டும்' என்று புலம்பிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

1970-களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய மொழி அது. யுனிக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையே அதில் திருப்பி எழுதினார்கள். கைதேர்ந்தவர்கள் தங்கள் வேலைக்காகச் செய்துகொண்ட கருவி. புதிதாகப் படிப்பவர்களை மனதில் வைத்துச் செய்த மொழிகள் வேறு: 1964-ல் டார்ட்மவுத் கல்லூரியில் வந்த பேசிக், 1970-ல் நிக்லாஸ் விர்த் கொடுத்த பாஸ்கல். இன்று இந்த இரண்டின் பெயரைச் சொன்னால் பயிற்சி மையத்தில் சிரிப்பார்கள்.

எங்கள் கல்லூரி லேபில் நீலத் திரை டர்போ சி. ரெக்கார்டு நோட்டில் ஃபேக்டோரியல் (1 முதல் கொடுத்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது) புரோகிராம் கட்டாயம். 7 கொடுத்தால் 5040 வரும், சரி. 8 கொடுத்தால் 40320 வர வேண்டும், வருவது மைனஸ் 25216. லேப் அசிஸ்டன்டிடம் காட்டினேன். 'எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வரும்போது 5 கொடும்மா' என்றார். அவ்வளவுதான் விளக்கம். டர்போ சி-யில் இன்ட் என்பது 16 பிட், 32767-க்கு மேல் போனால் சுற்றிக்கொண்டு மைனஸ் பக்கம் வந்துவிடும் என்பது எனக்கு வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. மெஷினின் உள்ளே நடப்பதைச் சி காட்டும் என்பார்கள். காட்டத்தான் செய்தது. அதைப் பார்த்து 'ஏன் இப்படி' என்று பேச ஓர் ஆள் பக்கத்தில் இல்லை.

இப்போதைக்குப் பைத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பணம் எதுவும் கட்ட வேண்டாம். முதலில் எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ரூமில் உங்களோடு யார் இருக்கிறார்கள், அவர்களில் கோடு எழுதுகிறவர் உண்டா? எந்தக் கம்ப்யூட்டரை நீங்கள் தினமும் தொட முடியும்?

30 ஜூன்

'புரோகிராமிங் சுத்தமாகத் தெரியாது' என்று நீங்கள் எழுதியது நேற்றிலிருந்து உறுத்துகிறது. என் அண்ணன் ஓசூரில் செட்டர், சி.என்.சி. மெஷினை வேலைக்குத் தயார் செய்கிறவர். அவரிடம் போனில் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் மெஷினில் ஓடும் கட்டளைகளைப் பாருங்கள். ஜி00 என்றால் வேகமாக நகர், ஜி01 என்றால் கொடுத்த ஃபீடில் (வேகத்தில்) வெட்டிக்கொண்டு நகர், எம்08 கூலன்ட், எம்30 முடிந்தது. வரிக்கு வரி, மேலிருந்து கீழே. நீங்கள் மனதில் நினைத்தது மெஷினுக்குத் தெரியாது, எழுதியிருப்பதைத்தான் செய்யும். எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்த ஒன்றை ஏற்றுவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். உங்களுக்கு இது ஷிஃப்டில் தினமும் கண்ணெதிரே நடக்கிறது.

இன்னொன்று. சி.என்.சி. மெஷினை இயக்கும் பல ஃபேனக் கம்பெனி கன்ட்ரோல்களில் 10 என்று புள்ளி இல்லாமல் அடித்தால் 10 மைக்ரான், புள்ளி வைத்து '10.' என்று அடித்தால் 10 மில்லிமீட்டர். (பாராமீட்டரைப் பொறுத்து மாறும் என்கிறார் அண்ணன்.) இதற்காக உங்கள் ஷாப்பிலும் யாராவது செட்டரிடம் திட்டு வாங்கியிருப்பார்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரண்டு எண்ணை மெஷின் வேறு வேறாக எடுத்துக்கொள்ளும் என்ற அந்தச் சங்கதியைத்தான் பயிற்சி மையத்தில் 'டேட்டா டைப்' என்று ஒரு வாரம் நடத்துவார்கள்.

ஃபேனக்கின் மேக்ரோ பி (வேரியபிள் வைத்துப் புரோகிராம் எழுதும் முறை) தெரிந்த யாராவது உங்கள் ஷாப்பில் இருந்தால் அவரிடம் #100, #500 என்ற வேரியபிள்கள் பற்றிக் கேளுங்கள். #100 வரிசையில் போட்டு வைத்தது பவர் ஆஃப் செய்தால் போய்விடும், #500 வரிசையில் போட்டது அப்படியே நிற்கும். இஃப் (நிபந்தனை), வொய்ல் (லூப், அதாவது திரும்பத் திரும்பச் செய்வது) எல்லாம் அதிலேயே உண்டு. வேரியபிள், நிபந்தனை, லூப், மெமரி நான்கும் கையில் இருக்கிறது, அப்புறம் என்ன 'சுத்தமாகத் தெரியாது'?

கம்பெனி மெஷினில் மட்டும் பழகிப் பார்க்காதீர்கள். ஒரு தப்பான ஜி00 போதும், டூல் இருக்கிற டரெட் போய், பீஸைப் பிடிக்கும் சக்கில் மோதிவிடும். கம்ப்யூட்டரில் தப்பு செய்தால் சிவப்பு எழுத்துதான் வரும், சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள்.

2 ஜூலை

பதில் பார்த்தேன். ரூமில் மூன்று பேர், அதில் மதுரைக்காரர் எலக்ட்ரானிக் சிட்டியில் ஃபிரன்ட் எண்ட் டெவலப்பர் (வெப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற பகுதியை எழுதுகிறவர்), நாள் முழுக்க ஜாவாஸ்கிரிப்ட். ராத்திரி அவருடைய பழைய லேப்டாப்பையும் தருவார்.

அப்படியானால் பேச்சே வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட். பைத்தானைத் தள்ளி வையுங்கள்.

3 ஜூலை

ஒரே நாளில் ஏன் மாற்றினேன் என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர், 'மொழியின் தரத்தைப் பார்க்காமல் ரூம்மேட்டைப் பார்த்து முடிவு செய்வது என்ன லாஜிக்?' என்கிறார்.

லாஜிக் இருக்கிறது. முதல் சில வாரங்களில் ஒருவரை நிறுத்துவது கஷ்டமான பாடம் எதுவுமே இல்லை. ஒரு கமா. ஒரு மூடாத அடைப்புக்குறி. ஃபைலை ஒரு ஃபோல்டரில் சேமித்துவிட்டு இன்னொன்றை ஓட்டிக்கொண்டிருப்பது. இதைத் தெரிந்தவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தால் அரை நிமிடம். தனியாக இருந்தால் ராத்திரி பதினொன்றரைக்கு லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, 'நமக்கெல்லாம் இது வராது' என்று முடிவு கட்டிவிடுவோம்.

எங்கள் குடியிருப்பில், அல்சூரில், ஒரு பி.காம் பெண். ஆடிட்டர் ஆபீஸில் வேலை. வீடியோ பார்த்துப் பைத்தான் படித்தாள், நல்ல புத்திசாலி. ஃபைலைத் திறக்கும் பாடத்தில் மாட்டிக்கொண்டாள். 'அப்படி ஒரு ஃபைலே இல்லை' என்று திரும்பத் திரும்ப எரர். என்னிடம் வர அவளுக்குக் கூச்சம், அதே மாடியில்தான் இருக்கிறேன். கடைசியில் அவள் அம்மா இட்லி மாவு கொடுக்க வந்தபோது சொல்லித்தான் தெரியும். போய்ப் பார்த்தால் விண்டோஸ் ஃபைல் பெயரின் வாலை (எக்ஸ்டென்ஷனை) மறைத்து வைத்திருக்கிறது. இவள் பெயரின் கடைசியில் '.டெக்ஸ்ட்' வாலைத் தானே சேர்த்துச் சேமிக்க, அது இரண்டு வாலோடு உட்கார்ந்திருக்கிறது. பைத்தான் மேல் தப்பில்லை. அவள் மேலும் தப்பில்லை. இதை எந்தப் பாடத்திட்டத்திலும் நடத்த மாட்டார்கள்.

அதனால் என் வரிசை இது. முதலில், உங்கள் திரையை எட்டிப் பார்க்கும் தூரத்தில் யார் இருக்கிறார். அடுத்து, கையில் என்ன மெஷின் இருக்கிறது. மொழியின் பெயர் அதற்கப்புறம்தான். அந்த மதுரைக்காரருக்கு ரூபி தெரிந்திருந்தால் ரூபி என்றே சொல்லியிருப்பேன். பி.எச்.பி. தெரிந்திருந்தாலும்தான், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

3 ஜூலை, கொஞ்சம் கழித்து

மேலே எழுதியதைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். வேறு வழி இல்லாதபடி மொழி முன்பே முடிவாகிவிட்டவர்களுக்கு இது பொருந்தாது. கம்ப்யூட்டர் சயின்ஸில் கேட் (எம்.டெக். நுழைவு) தேர்வு எழுதப் போகிறவருக்குச் சி வேண்டும், வினாத்தாளில் சி நிரல்தான் வரும். ஐ.சி.எஸ்.இ. பள்ளிப் பிள்ளைக்கு ஜாவா. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான். அங்கே போய் ரூம்மேட் கதை பேச முடியாது.

6 ஜூலை, ஞாயிறு

ஜாவாஸ்கிரிப்டைத் திட்டி எழுதிய அண்ணாவுக்கு. நீங்கள் சொன்னதெல்லாம் சரி. பத்து என்பது மேற்கோள் குறிக்குள் எழுத்தாக இருந்து, அதோடு 1 கூட்டினால் 101. அதே பத்திலிருந்து 1 கழித்தால் 9. கூட்டும்போது ஒட்டும், கழிக்கும்போது கணக்குப் போடும். 10, 9, 1 என்ற மூன்று எண்களை வரிசைப்படுத்தச் சொன்னால் 1, 10, 9 என்று தரும், ஏனென்றால் சும்மா விட்டால் அகராதி வரிசையில்தான் அடுக்கும். 1995-ல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பெனியில் பிரெண்டன் ஐக் இதன் முதல் வடிவத்தைப் பத்து நாளில் எழுதிக் கொடுத்தார். பத்து நாள் வேலைக்கு இது பரவாயில்லை என்றுதான் நான் சொல்வேன். பிறகு மாற்ற முடியாமல் போனதற்குக் காரணம், அதை நம்பி எழுதின பக்கங்கள் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தன.

இந்தக் கோணல்கள் எல்லாம் தெரிந்தேதான் சொன்னேன். பிரவுசர் இருக்கிற எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். கம்பெனி கம்ப்யூட்டரில் எதையும் ஏற்ற விட மாட்டார்கள், ஆனால் பிரவுசர் இருக்கும்.

தம்பிக்கு ஒரு குறிப்பு. பஸ்ஸில் போகும்போது போனில் எழுதிப் பார்க்கிறேன் என்றீர்கள். போன் கீபோர்டு வரியின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும். 'லெட்' என்பதன் முதல் எழுத்து பெரிதாகிவிட்டால் பிரவுசருக்கு அது வேறு சொல். நேரான மேற்கோள் குறியைச் சில ஆப் வளைந்த குறியாக மாற்றும், அதுவும் செல்லாது. ஆட்டோ கேப்பிடல், ஆட்டோ கரெக்ட் இரண்டையும் முதலில் அணையுங்கள். நிஜமாகச் சொன்னால், போனில் எழுதுவதைவிட அந்த நேரத்தில் மற்றவர் எழுதியதைப் படிப்பது லாபம்.

7 ஜூலை

'ஜாவாஸ்கிரிப்ட் முடித்தால் ஜாவா பாதி முடிந்த மாதிரியா?'

இல்லை. அந்தக் காலத்தில் ஜாவாவுக்கு இருந்த மவுசைப் பார்த்து வைத்த பெயர். அண்ணன் தம்பிகூட இல்லை.

13 ஜூலை, ஞாயிறு

பயிற்சி மையம் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். பி.டி.எம். லேஅவுட்டிலும் மாரத்தஹள்ளியிலும் கரண்ட் கம்பத்துக்குக் கம்பம் நோட்டீஸ், மேலே ஃபுல் ஸ்டாக், கீழே 'பி.ஜி. ஃபார் ஜென்ட்ஸ்'. எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் டீமிலேயே அப்படிப் படித்து வந்து நன்றாக வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். என் தோழியின் சித்தி மகன் வேறு ஓர் இடத்தில் முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டினான், பாதியில் டிரெயினர் மாறினார், புதியவர் முதலிலிருந்து தொடங்கினார், பேட்ச் கலைந்தது. பணம் கேட்டால் ரசீதின் பின்பக்கம் காட்டினார்கள்.

சேர்வதாக இருந்தால் ஒரு நாள் வகுப்பில் சும்மா உட்காரக் கேளுங்கள். டிரெயினர் போர்டைப் பார்த்தே பேசுகிறாரா, எழுந்து வந்து பிள்ளைகளின் திரையைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். போர்டுக்கு மட்டும் என்றால் அதற்கு யூடியூப் போதும், அதில் நிறுத்திப் பார்க்கவாவது முடியும். போன பேட்ச்சில் படித்த இரண்டு பேரிடம் பேசக் கேளுங்கள். தயங்கினால் கிளம்பி வந்துவிடுங்கள்.

'மூன்று மாதத்தில் வேலை' என்று மையங்கள் சொல்வதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. டிப்ளமோ முடித்துவிட்டு எத்தனை மாதத்தில் தனியாக ஒரு ஜாப் செட் செய்தீர்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

20 ஜூலை

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது. 'சாட்ஜிபிடி இருக்கும்போது ரூம்மேட் எதற்கு? அதுவும் தோளுக்குப் பின்னால் நிற்கும் ஆள்தானே, ராத்திரி இரண்டு மணிக்கும் முழித்திருக்குமே?'

இதை இரண்டு நாள் யோசித்தேன். என் வாதத்தில் பாதியை அது சாப்பிட்டுவிட்டது, உண்மைதான். ஃபைல் வால் கதை இன்று நடந்தால், எரரை அப்படியே ஒட்டிக் கேட்டால் 'வாலை மறைத்து வைத்திருக்கிறதா பாருங்கள்' என்று அதுவே சொல்லியிருக்கும். தமிழில் கேட்டாலும் பதில் சொல்கிறது. ஆங்கிலம் சுமாரான ஒருவருக்கு இது சின்ன உதவி இல்லை.

மீதிப் பாதி என்னவென்றால், கேட்டதைக் கொடுத்துவிடும். 'இது ஏன் ஓடவில்லை' என்று கேட்டால் ஓடுகிற ஒன்றை முழுதாக எழுதிக் கொடுத்துவிடும், நாமும் நன்றி சொல்லி ஒட்டிவிட்டுப் படுத்துவிடுவோம். பழகின மனிதர் அப்படிச் செய்ய மாட்டார், முக்கியமாகச் சோம்பேறியாக இருந்தால். 'நீ என்ன வரும்னு நெனச்ச?' என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். எங்கள் டீமில் இந்த வருடம் சேர்ந்த பையன் ஒருவன் ஐந்து மொழி தெரியும் என்று ரெஸ்யூமில் போட்டிருந்தான். ஐந்திலும் ஃபார் லூப் வரைக்கும் தெரியும். அதற்கு மேல் ஒவ்வொன்றிலும் யாரோ, எதுவோ எழுதிக் கொடுத்திருக்கிறது. நல்ல பையன், இப்போது ஒரே மொழியில் முதலிலிருந்து உட்கார்ந்திருக்கிறான்.

நீங்கள் பயன்படுத்துங்கள், ஆனால் எரரை விளக்க மட்டும். 'கோடு தராதே, காரணம் மட்டும் சொல்' என்று முதல் வரியிலேயே அடித்துவிடுங்கள்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

தமிழிலேயே புரோகிராம் எழுத முடியாதா என்று ஒருவர். முடியும், எழில் என்றே ஒரு மொழி இருக்கிறது, கட்டளைகள் எல்லாம் தமிழில். பைத்தான் மேல் கட்டியது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பாருங்கள், கண் விரியும். ஆனால் அதில் மாட்டிக்கொண்டால் கேட்க ஹெப்பகோடியில் யார் இருக்கிறார்கள்? என் பழைய பல்லவிதான்.

ஆங்கிலம் தடையாக இருப்பவர்களுக்கு இன்னொன்று நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகம் தமிழ் வழியிலும் இருக்கிறது, இணையத்தில் இலவசமாகவே இறக்கலாம். அது பைத்தானில் இருந்தாலும் பரவாயில்லை, லூப் என்றால் என்ன, ஃபங்க்ஷன் என்றால் என்ன என்பது எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அதில் நடையைத் தமிழில் புரிந்துகொண்டு, ஜாவாஸ்கிரிப்டில் எழுதிப் பாருங்கள்.

தமிழ் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ஜாவாஸ்கிரிப்டிடம் 'தமிழ்' என்பதற்கு எத்தனை நீளம் என்று கேளுங்கள். 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பைத்தானும் 5 என்றே சொல்லும். சி-யில் யூ.டி.எஃப்-8 (எழுத்தைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) ஆக வைத்துக் கேட்டால் 15, ஒவ்வொன்றும் மூன்று பைட். நம் கண்ணுக்கு 3. ஐந்தையும் கடைசியிலிருந்து திருப்பிப் போட்டால் புள்ளி முன்னால் வந்து அந்தரத்தில் தொங்கும், ழ-வின் தலையில் ம-வின் இகரக் குறி ஏறியிருக்கும். பெயர் திருப்பும் பயிற்சி எல்லாப் பாடத்திலும் வருமே, அதை உங்கள் பெயரைத் தமிழில் கொடுத்துச் செய்து பாருங்கள். நம் ஊர் பில் பிரின்டரில் பெயர்கள் ஏன் அப்படிக் குதறி வருகின்றன என்பதும் கொஞ்சம் விளங்கும்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

மஞ்சள் தடத்தில் மெட்ரோ வந்ததிலிருந்து பொம்மசந்திரா பயணம் எளிதாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் தொடக்கத்தில் 25 நிமிடத்துக்கு ஒரு ரயில்தான். அந்தக் காத்திருப்பில் படிக்கலாம், நல்லதுதான்.

அதைவிட, போர் டயா (துளையின் உள் விட்டம்) சரிபார்க்க நீங்கள் ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய பக்கம். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, அதனால் கொஞ்சம் விரிவாக.

25 எச்7 போர், அதாவது 25 மில்லிமீட்டர் துளை, எச்7 என்ற அளவு வரம்புக்குள். கீழ் எல்லை 25.000, மேல் எல்லை 25.021. கேஜில் பார்த்ததைப் பெட்டியில் அடித்தால் பச்சை அல்லது சிவப்பு. கடைசிப் பீஸ்களின் சராசரியும் வேண்டும், ஏறிக்கொண்டே போனால் ஆஃப்செட் (டூலின் அளவுத் திருத்தம்) மாற்ற. இதைவிட நல்ல முதல் புரோகிராமை எந்தப் பாடத்திட்டமும் தராது. உங்களுக்கு வேண்டும், பதில் சரியா தப்பா என்று பார்த்ததும் உங்களுக்கே தெரியும்.

சராசரி இடத்தில் 'நேன்' வந்தது, எண் இல்லை என்று அர்த்தம். நீங்கள் வகுக்கும் வரியைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறீர்கள். மதுரைக்காரர் வந்து ஒன்றே ஒன்று சொன்னாராமே, 'வகுக்காதே, கூட்டினதை மட்டும் காட்டு பார்ப்போம்.' காட்டினால் 025.01225.015. பூஜ்யத்தோடு 25.012 ஒட்டி, அதோடு 25.015 ஒட்டி, நடுவில் இரண்டு புள்ளி. பெட்டியில் அடிப்பது பிரவுசருக்கு எழுத்துதான், எண் இல்லை. எண்ணாக மாற்றிவிட்டுத்தான் கூட்ட வேண்டும். ஜூலையில் ஒருவர் திட்டினாரே, அதே கூட்டல் குறி. அவர் திட்டும்போது உங்களுக்கு அது வெறும் செய்தியாக இருந்திருக்கும், இனி மறக்காது. பைத்தானாக இருந்தால் எழுத்தையும் எண்ணையும் கூட்ட மாட்டேன் என்று அந்த வரியிலேயே நின்றிருக்கும். அந்த வகையில் பைத்தான் மேல், ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் மாற்றுங்கள். மில்லிமீட்டரில் கணக்குப் போடாதீர்கள். 0.1-உம் 0.2-உம் கூட்டச் சொல்லிப் பாருங்கள், 0.30000000000000004 வரும். ஜாவாஸ்கிரிப்டின் கோணல் என்று நினைக்க வேண்டாம், பைத்தானும் ஜாவாவும் இதையே தரும். நமக்குப் பத்தில் ஒன்று எவ்வளவு சுத்தமோ, இரண்டின் அடுக்குகளில் எண்ணும் மெஷினுக்கு அது முடியாத பின்னம். சரியாக மேல் எல்லைக் கோட்டில் நிற்கும் பீஸுக்கு ஒருநாள் தப்பான நிறம் வந்துவிடலாம். உள்ளே வரும்போதே ஆயிரத்தால் பெருக்கி ரவுண்டு செய்து, 25012, 25015, 25021 என்று மைக்ரானில் முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். திரையில் காட்டும்போது மட்டும் புள்ளி போடுங்கள். பணக் கணக்கு எழுதுகிறவர்கள் பைசாவில் வைப்பதும் இதற்காகத்தான்.

18 ஆகஸ்ட்

கம்பெனி கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தை ஓட்டும் முன் இன்சார்ஜிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ட்ராயிங் எண், கஸ்டமர் பெயர் எதுவும் அதில் வேண்டாம். சாட்ஜிபிடியிலும் ஒட்ட வேண்டாம்.

21 செப்டம்பர், ஞாயிறு

ஜாவாக்காரர் ஒருவர் மூக்கு வியர்த்து வந்திருக்கிறார். 'ஒரு வரி வணக்கம் சொல்ல ஜாவாவில் கிளாஸ், பப்ளிக், ஸ்டாட்டிக், வாய்ட் என்று நான்கு மந்திரம் என்ற கிண்டல் இனிச் செல்லாது, இந்த மாதம் ஜாவா 25 வந்துவிட்டது' என்கிறார். சரிதான். சின்ன புரோகிராமுக்கு அந்தக் கிளாஸ் சட்டகம் இல்லாமலே மெயினை நேரடியாக எழுதலாம். 1995-ல் வந்த மொழி, புதிதாகப் படிப்பவரை நினைக்க முப்பது வருடம் ஆகியிருக்கிறது. மையங்களில் இதை எப்போது நடத்துவார்கள் என்று தெரியவில்லை, எங்கள் ஆபீஸிலேயே இன்னும் ஜாவா 8 ஓடுகிற மூலை ஒன்று இருக்கிறது.

தம்பி, உங்கள் புதுக் கேள்விக்கு. சூப்பர்வைசர் இப்போது 'சரி, ஜாவாஸ்கிரிப்ட் போதும், இனிச் சி படி' என்கிறாராம். அவர் விட மாட்டார் போலிருக்கிறது. ஆனால் இப்போது எனக்கும் வேறு நினைப்பு. நீங்கள் வெப் டெவலப்பர் ஆகியே தீர வேண்டும் என்று யார் சொன்னது? மெயின்டனன்ஸில் பி.எல்.சி. (தொழிற்சாலை மெஷின்களை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர்) இருக்கிறது. அதற்கு எழுதும் லேடர் லாஜிக் ரிலே வரைபடம் மாதிரிதான் இருக்கும், எலக்ட்ரீஷியன்கள் படிக்கவென்றே வந்தது. ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்று இன்னொன்று, அதன் சாடை அப்படியே பாஸ்கல். ஃபார், இஃப் எல்லாம் உங்களுக்கு இப்போது தெரியும், சிரமம் இருக்காது. அதைத் தெரிந்தவர், தினமும் உங்களோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவர், கற்றுத்தர ஆசைப்படுகிறவர் யார்? அந்தச் சூப்பர்வைசரேதான்.

சி-யை அவரிடம் படிப்பதாக இருந்தாலும் எனக்கு இப்போது ஆட்சேபம் இல்லை. ஃபேக்டோரியல் 17 கொடுத்து, 32 பிட் இன்ட்டில் ஏன் மைனஸ் 288522240 வருகிறது என்று முதல் நாளே கேளுங்கள். உட்கார்ந்து விளக்கினார் என்றால் தாராளமாகப் படிக்கலாம். '5 கொடு' என்றார் என்றால் பி.எல்.சி.யோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

12 அக்டோபர், ஞாயிறு

சூப்பர்வைசர் விளக்கினாராம், பேப்பரில் பிட் எல்லாம் போட்டு! கன்னடத்தில்தான் விளக்கினார் என்பது எனக்கு இன்னும் சந்தோஷம். அவரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள், அவரைப் பற்றி ஜூனில் எழுதியதை மட்டும் காட்ட வேண்டாம்.

லேப்டாப்: பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளில் பழையது பார்க்கலாம். வார நாளில் ஷிஃப்ட் இல்லாதபோது போங்கள், ஞாயிறு நிறையக் கடை மூடியிருக்கும். ஜாவாஸ்கிரிப்டுக்கும் சி-க்கும் பெரிய மெஷின் தேவையே இல்லை. 8 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி. கட்டாயம், பழைய சுழலும் டிஸ்க் வேண்டாம். பி.எல்.சி. மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸ் கேட்கும், அதனால் குரோம்புக் வாங்கிவிடாதீர்கள். கடையிலேயே சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பேட்டரியைப் பாருங்கள், எல்லாக் கீயையும் ஒரு முறை அடித்துப் பாருங்கள். முக்கியமாக அடைப்புக்குறிகளும் செமிகோலனும் இருக்கிற வலது ஓரத்தை. மதுரைக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பேரம் பேச அவருக்கு வருமா என்று தெரியாது, உங்களுக்கு வரும்.